ஊடகம் படிக்க எங்கே போகலாம்? மலையக மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த கையோடு ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, மாத்தளைப் பக்கங்களிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். பாதியைப் பிள்ளைகள் கேட்பார்கள், மீதியைப் பெற்றோர் கேட்பார்கள். தமிழ்ப் பத்திரிகை ஆசிரியபீடத்தில் வேலை செய்தவன், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் பிரதியைத் திருத்தியவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். இதில் தகவலோடு என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

ஒரு கல்லூரியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பெயரையா, கட்டணத்தையா, ஸ்டூடியோவையா?

அங்கே மாணவர் எழுதுவதை யார் திருத்துகிறார் என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எங்கே படித்தவர்கள் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். சிலர் தொடர்பாடல் கோட்பாடுகளை வரிசையாக ஒப்புவிப்பார்கள். ஆனால் பொலிஸ் நிலையத்துக்கு அழைப்பெடுத்து விபத்து எங்கே, எத்தனை மணிக்கு, யார் காயம், எந்த வைத்தியசாலை என்று கேட்டு ஆறு வரி எழுதச் சொன்னால் கை நடுங்கும். வேறு சிலர் கோட்பாடு பெரிதாகப் பேசமாட்டார்கள். எழுதித் தரும் பிரதியில் பெயர், வயது, ஊர் எல்லாம் சரியாக இருக்கும். இந்த இரண்டாவது வகைப் பிள்ளைக்குப் பின்னால் கட்டாயம் ஓர் ஆசிரியர் இருப்பார். சிவப்புப் பேனையால் பிரதியைக் குதறி, மறுபடி எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

ஆகவே விசாரிக்கப் போகும்போது இப்படிக் கேளுங்கள். முதல் வருட மாணவர் ஒருவர் எழுதித் திருத்தம் பெற்ற பிரதியை எனக்குக் காட்ட முடியுமா? மாணவர் பத்திரிகையோ இணைய வானொலியோ இருக்கிறதா, கடைசி இதழ் எப்போது வந்தது? விரிவுரையாளர்களில் ஆசிரியபீடத்திலோ செய்திப் பிரிவிலோ வேலை பார்த்தவர் யார்? பதில் வழுக்கினால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு அதுவே போதும்.

ஸ்டூடியோவைக் கண்டு மயங்க வேண்டாம். திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் தேர்போல, விருந்தினர் வந்தால் மட்டும் பூட்டுத் திறக்கும் ஸ்டூடியோக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் கமரா கையில் கிடைக்கும் என்று கேளுங்கள்.

இலங்கையில் எங்கெங்கே படிக்கலாம்?

அரச பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் பழைய பெயர் களனி. அங்கே வெகுசனத் தொடர்பாடலுக்கென்று தனித்துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பாலி வளாகம் ஹொரணையில் இருக்கிறது. 1934இல் தாகூர் அடிக்கல் நாட்டிய கல்வி நிலையம் வளர்ந்து வந்த இடம் அது. அங்கே வெகுசன ஊடகமும் அரங்கேற்றக் கலைகளும் படிப்பிக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் பாடநெறி நடக்கிறது.

பட்டம் இல்லாமல் தொழிலை நேரே பழக விரும்புகிறவர்களுக்குக் கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி இருக்கிறது. இலங்கைப் பத்திரிகை ஸ்தாபனத்தின் கீழ் 2004இல் தொடங்கியது. பத்திரிகை வெளியீட்டாளர்கள், ஆசிரியர்கள், ஊடகவியலாளர்களின் அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய ஸ்தாபனம் அது. டிப்ளோமாவைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நடத்தி வந்திருக்கிறார்கள். நீங்கள் சேரப்போகும் ஆண்டில் தமிழ்ப் பிரிவு திறக்கிறதா என்பதை நேரே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆள் சேராவிட்டால் ஒரு மொழிப் பிரிவைத் தள்ளிப்போடுவது எந்த நிறுவனத்திலும் நடப்பதுதான்.

தனியார் நிறுவனங்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முழுக்கத் தமிழிலேயே படிக்க முடியுமா?

இடத்தைப் பொறுத்தது. களனியிலும் ஸ்ரீ பாலியிலும் படிப்பதென்றால் சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ எதிர்பார்த்துப் போங்கள். திருகோணமலை தமிழர் வாழும் பகுதி என்பதற்காகப் பாடமும் தமிழில் நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் மொழிமூலம் எழுதியிருக்கும். அந்த வரியை வாசிக்காமல் விண்ணப்பம் நிரப்பிவிட்டு முதலாம் வருடத்தில் தவித்த பிள்ளைகள் நிறையப் பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். பாடம் விளங்கியிருக்கும், தமிழ் வசனம் ஓடாது. வேற்றுமொழியில் படிக்கிற காலம் முழுக்கத் தமிழில் வாரம் ஒரு கட்டுரையாவது எழுதி யாரிடமாவது திருத்தம் வாங்குங்கள். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலர் போதாது. அதில் யாரும் திருத்தமாட்டார்கள், பாராட்டத்தான் செய்வார்கள்.

சிங்களம் கட்டாயமா, சேர்?

மலையகத்தில் செய்தி சேகரிக்கப் போகிறீர்கள் என்றால், ஆம். பொலிஸ் முறைப்பாடு, நீதவான் நீதிமன்ற வழக்கேடு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் முதல் அறிவிப்பு, பிரதேச சபைக் கூட்டத்தின் சண்டை எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் உங்கள் காதுக்கு வரும். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பஸ்ஸிலும் கடையிலும் சிங்களம் பேசி வளர்ந்தவர்கள் நாம். வாசிக்கவும் எழுதவும் மட்டும் பழகிவிட்டால் போதும். கொழும்பு ஆசிரியபீடங்களில் மூன்று மொழியும் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தட்டுப்பாடு.

உயர்தரத்தில் ஊடகப் பாடம் எடுக்கவில்லை. கதவு மூடிவிட்டதா?

இல்லை. ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ படித்திருந்தால் முதல் சில மாதம் இலகுவாக இருக்கும். தமிழ், அரசறிவியல், புவியியல், அளவையியல், பொருளியல் படித்தவர்கள் பின்தங்குவதில்லை. விஞ்ஞானப் பிரிவில் படித்தவர் தமிழில் எழுத வந்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. மண்சரிவையும் டெங்கையும் தேயிலை நோயையும் விளங்கி எழுதுகிறவர்கள் நம்மிடம் குறைவு. ஒவ்வொரு பாடநெறிக்கும் எந்தப் பாடங்கள் தேவை என்பதைக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை எப்படி வரிசைப்படுத்துவது?

உங்கள் விருப்ப வரிசையிலேயே போடுங்கள். ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீட்டு இலக்கம் இருக்கும். உங்கள் இஸட் புள்ளி எட்டும் இடங்களில் உங்கள் வரிசையில் எது மேலே இருக்கிறதோ அது கிடைக்கும். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, “இது எனக்குக் கிடைக்காது” என்று விரும்பியதைக் கீழே தள்ளுவதால் எந்த நன்மையும் இல்லை. மேலே போட்டால் இழப்பதும் ஒன்றுமில்லை.

சில பாடநெறிகளுக்கு மாவட்ட ஒதுக்கீடு உண்டு, சிலவற்றுக்கு முழு நாட்டுக்கும் ஒரே தகுதி வரிசை. நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் அதில் இல்லை. எந்தப் பாடநெறிக்கு எந்த முறை என்பதும் அதே கைநூலில்தான். சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் வைப்பார்கள். அதற்குப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த முடிவுத் திகதியைத் தவறவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும் வேலையைத் தகவல் தொடர்பு நிலையத்தில் இருக்கும் பையனிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். பக்கத்தில் இருந்து இலக்கத்தை நீங்களே சரிபாருங்கள்.

மலையகத்தை விட்டுப் போகாமலே படிக்க வழி இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி. பேராதனையின் கலைப்பீடத்தில் தமிழ், அரசறிவியல், சமூகவியல், வரலாறு போன்ற ஒன்றில் பட்டம் பெற்று, அதற்குப் பிறகு ஊடக டிப்ளோமா ஒன்றைச் செய்யலாம். உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடிக்கும். எழுதும் முறையை ஓராண்டில் பழகலாம். எதைப் பற்றி எழுதுவது என்ற அறிவு அப்படி வராது. சம்பள நிர்ணய சபை எப்படி இயங்குகிறது, காணி உரிமை யாரிடம் இருக்கிறது, கம்பனிக்கும் அரசுக்கும் உள்ள குத்தகை என்ன என்று தெரிந்தவர் எழுதும் தோட்டச் செய்திக்கும், தெரியாதவர் எழுதும் செய்திக்கும் உள்ள வித்தியாசம் முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும்.

பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அது ஆங்கிலத்தில் தொழில்நுட்பம், முகாமைத்துவம் போன்றவற்றைப் படிப்பிக்கும் இடம். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே அங்கு ஒரு பட்டம் இருக்கிறது. ஊடகம் மட்டும்தான் வேண்டும் என்றால் அது உங்கள் இடமில்லை.

உயர்தரம் சரிவரவில்லை. இனி என்ன?

மறுபடி எழுதலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு திறந்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். உயர்தரத் தகைமை இல்லாதவர்கள் அடிப்படைப் பாடநெறியில் தொடங்கி மேலே ஏற அங்கே வழி இருக்கிறது. அதன் கண்டி பிராந்திய நிலையம் பொல்கொல்லையில். தொழில்நுட்பப் பக்கம் விருப்பமுள்ளவர்கள், அதாவது ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, அச்சு வடிவமைப்பு, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் தரும் நிலையங்களைத் தேடலாம். அந்தச் சான்றிதழ் 1 முதல் 7 வரை படிப்படியாக ஏறும். 5, 6 என்றால் டிப்ளோமா மட்டம்.

தனியார் கல்லூரி ஒன்று “சர்வதேச பட்டம்” தருகிறோம் என்கிறது. நம்பலாமா?

நம்புவதும் நம்பாததும் பிறகு இருக்கட்டும், முதலில் பதிவைப் பாருங்கள். இலங்கையில் பட்டம் வழங்கும் தனியார் நிறுவனத்துக்கு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அனுமதி இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறது என்பதும், நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அனுமதி இருக்கிறது என்பதும் வேறு வேறு. வர்த்தக முகாமைத்துவத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு ஊடகத்தையும் அதே சுவரொட்டியில் போட்டிருப்பார்கள். டிப்ளோமா, சான்றிதழ் நடத்தும் நிலையங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி ஆணைக்குழுவிடமே சரிபாருங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை நம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பிற்காலத்தில் அரச வேலைக்கோ ஆசிரியர் நியமனத்துக்கோ விண்ணப்பிக்கும்போது இந்தக் கடிதம் கேட்கப்படும். இன்று “எனக்கு அரச வேலை வேண்டாம்” என்று சொல்கிற பிள்ளை முப்பது வயதில் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது பணம். துண்டுப்பிரசுரத்தில் இருக்கும் தொகை முழுத்தொகையாக இருப்பது அபூர்வம். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பவுணிலோ டொலரிலோ கட்டும் பங்கு, மீள்பரீட்சை, பட்டமளிப்பு விழா எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டும் பங்கை மறந்தவர்களுக்கு 2022 நல்ல பாடம் படிப்பித்தது. பதிந்த அன்றே முழுத்தொகையையும் கட்டினால் கழிவு என்றால் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

“நூறு வீதம் வேலை வாய்ப்பு” என்று சொன்னால், போன அணியில் படித்த மூன்று பேரின் தொடர்பைக் கேளுங்கள். அவர்களோடு நீங்களே பேசுங்கள். பயிற்சிக்கு அனுப்பினார்களா, எந்த நிறுவனத்துக்கு, எத்தனை வாரம், அங்கே எழுதக் கொடுத்தார்களா, தேநீர் வாங்கத்தான் அனுப்பினார்களா என்று கேளுங்கள். அவர்கள் உண்மை சொல்வார்கள், கட்டணம் கட்டி முடித்தவர்கள்தானே.

பணத்துக்கு எங்கே போவது?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்கு உள்வாரி மாணவர் கட்டணம் கட்டுவதில்லை. செலவு, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும். மகாபொலப் புலமைப்பரிசில் 1981இலிருந்து இருக்கிறது. அது கிடைக்காதவர்களுக்கு, வீட்டு வருமானத்தைப் பார்த்து உதவுதொகை வழங்கும் முறையும் உண்டு. வருமானச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே போங்கள். கடைசி நாளில் அவர் கூட்டத்துக்குப் போயிருப்பார்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மட்டுமான ஒன்றும் இருக்கிறது. 1947இல் உருவான இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் தருகிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் அதற்கு விண்ணப்பம் கோரும். பத்திரிகையில் வரும் அந்த அறிவித்தலைக் கவனித்துக்கொண்டிருங்கள். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கான கடிதத்தை நிர்வாகத்திடம் வாங்கி வையுங்கள்.

தனியார் பட்டத்துக்கு அரசின் வட்டியில்லாக் கல்விக் கடன் இருக்கிறது. எல்லாப் பாடநெறியும் அதில் அடங்காது. கடன் என்பதையும் மறக்காதீர்கள். தொடக்க ஊடகச் சம்பளத்தில் தவணை கட்டுவது சுலபமில்லை.

தமிழ்நாட்டில் படித்தால் என்ன?

மொழி நெருக்கம் ஒரு பலம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை நெடுங்காலமாக இருக்கிறது. லயோலா கல்லூரி காட்சித் தொடர்பியலுக்குப் பெயர் பெற்றது. ஆசிய இதழியல் கல்லூரி பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கானது, ஆங்கிலத்தில் நடக்கிறது. இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கு வழங்கும் புலமைப்பரிசில்களில் நேரு நினைவுப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இரண்டையும் விசாரியுங்கள்.

ஆனால் அங்கே படிக்கும் ஊடகச் சட்டம் இந்தியச் சட்டம். நீதிமன்ற அமைப்பு, உள்ளூராட்சி, தொழிற்சங்கச் சட்டம் எல்லாம் வேறு. திரும்பி வந்து இங்கே வேலை செய்வதென்றால் இவற்றை மறுபடி படிக்க வேண்டும். சினிமா, ஒளிப்பதிவு போன்றவை என்றால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. இரவு வேலை, தனியாகக் கொழும்பு...

அந்தப் பயம் நியாயமானது, அம்மா. சும்மா தைரியம் சொல்லி உங்களை அனுப்பமாட்டேன். முதல் வருடத்துக்குப் பல்கலைக்கழக விடுதி கிடைக்குமா என்று கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் போடிங்கை மகளோடு போய் நீங்களே பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள். நிறுவனத்தில் பாலியல் தொந்தரவு முறைப்பாட்டை யார் விசாரிக்கிறார், அந்தக் குழுவில் பெண்கள் இருக்கிறார்களா, பயிற்சி இரவில் முடிந்தால் வாகனம் தருகிறார்களா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்துக்கு மகளை அனுப்பாதீர்கள்.

ஊடகம் என்றாலே இரவில் ஒலிவாங்கியோடு தெருவில் நிற்பது என்றும் இல்லை. வானொலித் தயாரிப்பு, மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, தகவல் சரிபார்ப்பு, அரச சார்பற்ற நிறுவனங்களின் தொடர்பாடல் பிரிவு என்று எத்தனையோ இருக்கிறது. மகள் தெருவில் நிற்கத்தான் விரும்புகிறாள் என்றால், அதையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். லயத்துக்குள் தாய்மார் சொல்கிற பல விஷயங்களை ஆண் நிருபரிடம் சொல்லமாட்டார்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவருமா? ஆசிரியர் வேலைதானே நிரந்தரம்?

ஆசிரியர் நியமனம் நல்லது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளையை ஊடகத்துக்கு வா என்று நான் இழுக்கமாட்டேன். ஆனால் “நமக்கும் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்” என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இலேயே ‘முஸ்லிம் நேசன்’ நடத்தினார். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரிபோல உள்ளே போய்த் தொழிலாளர் நிலைமையைப் பார்த்தார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். பிறகு ஹட்டனில் இருந்துகொண்டு 1931இல் தொழிற்சங்கம் அமைத்தார், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவருடைய துணைவி மீனாட்சி அம்மாள் பத்திரிகை வேலையில் பங்கெடுத்ததோடு கூட்டங்களில் பாட்டாகவும் பாடி மக்களுக்கு விஷயத்தைச் சொன்னார். ‘வீரகேசரி’ 1930இலும் ‘தினகரன்’ 1932இலும் வந்தன. அவற்றின் தோட்டச் செய்திகளையும் மலையகத்திலிருந்து யாரோ ஒருவர்தான் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கொழும்பிலிருந்து வரும் நிருபர் கொழுந்துக் கூடையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்பிவிடுவார். கைக்காசு, அரைநாள் பெயர், நிறைகுறைப்பு என்றால் என்னவென்று அவருக்கு யாராவது விளக்க வேண்டும். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கல்லூரியில் கொடுக்கும் ஒப்படைகளுக்கு இந்தக் கருப்பொருள்களையே எடுங்கள். விரிவுரையாளருக்கும் புதிதாக இருக்கும்.

சம்பளம் எப்படி?

தொடக்கத்தில் குறைவு. பிரதேச நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளமே இல்லை, பிரசுரமான செய்திக்கும் படத்துக்கும்தான் கொடுப்பனவு. அதனால்தான் மலையக நிருபர்களில் ஆசிரியர்களையும் கடைக்காரர்களையும் அதிகம் காண்கிறீர்கள். ஆசிரியபீடத்தில் உப ஆசிரியராகச் சேர்ந்தால் மாதச் சம்பளம் உண்டு. அதில் பாதியைக் கொழும்பு வாடகை தின்றுவிடும். மொழிபெயர்ப்பு தெரிந்தவர்கள் பக்கவருமானத்தில் சமாளிக்கிறார்கள். இது தெரிந்தே வாருங்கள்.

யூடியூப் சனல் தொடங்கினால் போதாதா? படிப்பு எதற்கு?

தொடங்குங்கள், தடையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியபோது முதல் நாளில் புதையுண்டவர்கள் என்று நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை ஓடியது. நாட்கள் போகப் போக அது வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள், சிலர் வேலைத்தளத்தில் இருந்தார்கள். எண்ணிக்கையை யார் சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்காமல் நாமும் அன்று எழுதியிருப்போம். இந்த இரண்டு கேள்வியையும் யாராவது உங்கள் மண்டையில் அடித்து ஏற்ற வேண்டும். படிப்பின் பெரும்பகுதி இதுதான்.

மீதி சட்டம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் குடியியல் வழக்கில் நட்டஈடு கேட்கலாம். 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் யூடியூப்காரருக்கும் பொருந்தும். சிறுவர் துஷ்பிரயோக வழக்கில் பிள்ளையை அடையாளம் காட்டும் தோட்டத்தின் பெயரை, பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டுவிட்டுப் பார்வைகளை எண்ணிக்கொண்டிருக்கும் சனல்களைப் பார்க்கிறோமே. ஊடகச் சட்டமும் ஒழுக்கக்கோவையும் தனிப் பாடமாக இல்லாத கல்லூரியில் சேராதீர்கள்.

கமரா, மடிகணினி வாங்க வேண்டுமா?

உடனே வேண்டாம். ஓரளவு நல்ல தொலைபேசி, சட்டையில் மாட்டும் சின்ன ஒலிவாங்கி போதும். தமிழ்த் தட்டச்சை மட்டும் இப்போதே பழகுங்கள். நம் பத்திரிகை அலுவலகங்கள் பாமினி விசைப்பலகையிலேயே ஊறியவை. யூனிகோடில் தட்டச்சிடவும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றவும் தெரிந்திருப்பது முதல் நாளிலேயே உதவும். கைத்தொலைபேசியில் குரலில் சொல்லி எழுதுகிறவர்கள் ‘ல, ள, ழ’ பிழைகளைத் திருத்திவிட்டு அனுப்பினால் உப ஆசிரியர் வாழ்த்துவார்.

பகிடிவதை?

1998இன் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். “மலையகத்தான்” என்ற கிண்டலும் சில இடங்களில் வரும். பெயர், நேரம், இடம் குறித்து வைத்து முறைப்பாடு செய்யுங்கள். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடாதீர்கள்.

அனுமதி வரும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

சும்மா இருக்காதீர்கள். நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய பிரதேச சபைகள் வந்து சில வருடங்கள் ஆகின்றன. உங்கள் சபையின் மாதாந்தக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போய் உட்காருங்கள். கண்டதை முந்நூறு சொல்லில் எழுதுங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ திறந்த நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது இருந்து, வழக்கு எப்படி அழைக்கப்படுகிறது என்று பாருங்கள். தொலைபேசியை அணைத்துவிட்டு.

அதோடு ஒரு தகவல் கோரிக்கை அனுப்புங்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரஜையாக இருந்தால் போதும், ஊடக அடையாள அட்டை தேவையில்லை. தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் தோட்டத்துக்கு ஒதுக்கிய வீடுகள் எத்தனை, கட்டி முடித்தவை எத்தனை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகை எவ்வளவு என்று மூன்றே கேள்வி போதும். கோரிக்கை கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் பலன் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். பதில் வந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லூரி நேர்முகத் தேர்வுக்குப் போங்கள். “ஏன் ஊடகம் படிக்க விரும்புகிறீர்கள்” என்று கேட்கும்போது மேசையில் வைக்க ஏதாவது இருக்கும்.